பழைய படத்தை முதல்முறையாகப் பார்ப்பவர்கள் முதலில் பிரதியைப் பார்க்க வேண்டும்

'பராசக்தி' என்ற தலைப்பில் புதிய படம் வந்த பிறகு, 1952ஆம் ஆண்டின் பராசக்தியையும் பார்த்துவிடலாம் என்ற ஆவல் பலருக்கு வந்திருக்கிறது. 2012இல் 'கர்ணன்' புதுப்பிக்கப்பட்டுத் திரையரங்குகளில் மீண்டும் ஓடியதிலிருந்து, பழைய படங்களின் மறுவெளியீடு புதுச்சேரிக்கும் கடலூருக்கும் வாடிக்கையாகிவிட்டது. முதல்முறையாகப் பார்க்கும் இளைய தலைமுறையிடம் ஒரு குழப்பம் இருக்கிறது. தாத்தா கொண்டாடும் படம் தொலைக்காட்சியில் சிவந்துபோய்த் தெரிகிறது. அதே படம் கைபேசியில் அரை மணி நேரம் குறைவாக இருக்கிறது. திரையரங்கில் பார்த்தால் நடிகரின் நெற்றியைக் காணோம். எல்லாவற்றையும் தாண்டிப் பார்த்தாலும், "ஏன் எல்லோரும் கத்திப் பேசுகிறார்கள், ஏன் இத்தனை பாட்டு?" என்ற கேள்வி மிஞ்சுகிறது.

இதில் இரண்டு வகைப் புகார்கள் கலந்துகிடக்கின்றன. ஒன்று பிரதியின் கோளாறு, மற்றது படத்தின் இயல்பு. முதல் வகைக்குப் படத்தை எடுத்தவர் பொறுப்பில்லை. இரண்டாவது வகைக்குக் காரணங்கள் உண்டு. அவற்றில் முக்கியமான ஒன்றின் வேர் புதுச்சேரியிலேயே, கருவடிக்குப்பத்தில் இருக்கிறது.

நெகட்டிவ் முதல் கைபேசி வரை

படச்சுருள் காலத்தில் கேமராவுக்குள் ஓடியது நெகட்டிவ். அதிலிருந்து திரையரங்குகளுக்காகப் பிரிண்டுகள் எடுக்கப்பட்டன. படம் ஊர் ஊராகச் சுற்றிக் களைத்த பிறகு, எஞ்சிய பிரிண்டு ஒன்றை ஒளிபரப்புக்காக வீடியோ நாடாவில் ஏற்றினார்கள். நாடாவிலிருந்து குறுந்தகடு, குறுந்தகட்டிலிருந்து இணையம். இன்று கைபேசியில் இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் இந்த வரிசையின் கடைசிக் கண்ணிதான். ஒவ்வொரு கண்ணியிலும் கூர்மையோ நிறமோ சில அடி நீளமோ பறிபோயிருக்கும்.

நெகட்டிவ் பிழைத்திருந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். அது பிழைப்பது அரிது. 1950களின் தொடக்கம் வரை உலகெங்கும் புழங்கிய நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பிடிக்கும், நாளடைவில் பொடியாகும். அதன் இடத்துக்கு வந்த அசிடேட் சுருள், வெப்பமும் ஈரமும் பட்டால் சிதையத் தொடங்கிக் காடி நெடி வீசும். வெப்பமும் ஈரமும் கடற்கரையில் இருக்கும் சென்னைக்குக் குறைவில்லை. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) படத்துக்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை. அரசின் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் தொடங்கப்பட்டதே 1964இல்தான். அதற்குள் தமிழ்ப் பேசும்படத்துக்கு முப்பது வயது தாண்டிவிட்டது.

வங்காளத்தின் 'பதேர் பாஞ்சாலி' (1955) ஒரு விதிவிலக்கு. அதன் நெகட்டிவ் 1993இல் லண்டனில் ஒரு தீவிபத்தில் சிக்கியது. கருகியதில் தேறியதை வைத்தும், வேறு இடங்களிலிருந்த பிரதிகளைக் கொண்டு இடைவெளிகளை நிரப்பியும் 2015இல் மீட்டெடுத்தார்கள். அந்த அளவு உழைப்பும் பணமும் எல்லாப் படத்துக்கும் வாய்ப்பதில்லை.

சட்டகம்: தேர்ச்சக்கரம் உருண்டையாக இருக்கிறதா?

படச் சட்டகத்தின் (ஃபிரேம்) அகலத்தை உயரத்தால் வகுத்தால் வருவது திரை விகிதம். பேசும்படம் வந்த பிறகு நிலைபெற்ற விகிதம் 1.37. ஏறக்குறைய பழைய பெட்டித் தொலைக்காட்சியின் வடிவம் அது. இன்றைய தொலைக்காட்சியின் விகிதம் 1.78. அகலத்திரை முறையான சினிமாஸ்கோப்பின் விகிதம் 2.35.

தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 'ராஜராஜ சோழன்'. வெளியான ஆண்டு 1973. ஆகவே அதற்கு முந்தைய தமிழ்ப் படம் எதுவாக இருந்தாலும், இன்றைய அகலத் தொலைக்காட்சியில் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டுத்தான் தெரிய வேண்டும். திரையை முழுக்க நிறைத்துத் தெரிந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று பொருள். கைவைக்கும் வழிகள் இரண்டு.

1. மேலும் கீழும் வெட்டுவது. 1.37 படத்தை 1.78க்கு வெட்டினால் உயரத்தில் சுமார் 23 சதவீதம் போய்விடும். ஸ்கோப் அளவுக்கு வெட்டினால் 42 சதவீதம். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) போன்ற படத்தில் இது எதைத் தின்னும் என்று யோசித்துப் பாருங்கள்: முழு உருவமாக எடுத்த நாட்டியக் காட்சியில் பாதம் போய்விடும். சலங்கை ஒலி கேட்கும், சலங்கை தெரியாது.

2. பக்கவாட்டில் இழுப்பது. இதில் எதுவும் வெட்டுப்படாது. ஆனால் எல்லோருக்கும் கன்னம் உப்பிவிடும். கண்டுபிடிக்க வட்டமான பொருள் ஒன்று போதும். 'கர்ணன்' இறுதிக் காட்சியில் சேற்றில் புதையும் தேர்ச்சக்கரம் முட்டை வடிவில் தெரிந்தால் அந்தப் பிரதியை மூடிவிடலாம். நெற்றிப் பொட்டு, சாப்பாட்டுத் தட்டு, சுவர்க்கடிகாரம் என எல்லாப் படத்திலும் ஏதாவது ஒரு வட்டம் இருக்கும்.

1973க்குப் பிந்தைய படங்களுக்கு நேர்ந்தது இதன் தலைகீழ். அகலமாக எடுத்த ஸ்கோப் படத்தைப் பெட்டித் தொலைக்காட்சிக்காகப் பக்கவாட்டில் வெட்டினார்கள். இருவர் பேசிக்கொள்ளும் காட்சியில் ஒருவரின் மூக்கும் மற்றவரின் தோளும் மட்டும் மிஞ்சியது அதனால்தான்.

கறுப்புப் பட்டை பிடிக்காத பார்வையாளர்களே வெட்டுகிறவர்களுக்குத் துணை. 'திரை நிறைய' என்பது விளம்பரத்தில் நல்லதாக ஒலிக்கிறது. போனது என்ன என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

நீளம்: தணிக்கைச் சான்றிதழே சாட்சி

படம் தொடங்கும் முன் சில நொடிகள் காட்டப்படும் தணிக்கைச் சான்றிதழை யாரும் படிப்பதில்லை. பழைய படங்களின் சான்றிதழில் சுருளின் நீளம் அடிக்கணக்கில் இருக்கும், பிற்காலத்துச் சான்றிதழ்களில் மீட்டர் கணக்கில். 35 மில்லிமீட்டர் சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டகங்கள். நொடிக்கு ஓடுபவை 24. ஆக நிமிடத்துக்கு 90 அடி, அதாவது ஏறத்தாழ 27.4 மீட்டர். சான்றிதழில் 16,200 அடி என்றிருந்தால் படம் 180 நிமிடம் ஓட வேண்டும். கையில் இருப்பது 150 நிமிடம்தான் என்றால் பாட்டோ நகைச்சுவையோ ஒரு கிளைக்கதையோ வெட்டப்பட்டிருக்கிறது.

இந்தக் கணக்கைப் போடும்போது ஒரு சலுகை தர வேண்டும். நம் தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25 சட்டகங்கள். 24இல் எடுத்த படத்தை 25இல் ஓட்டினால் மூன்று மணி நேரப் படம் ஏழு நிமிடம் முன்பே முடிந்துவிடும். இது வெட்டு இல்லை, வேகம். கூடவே சுருதியும் அரைக் கட்டையை நெருங்கும் அளவுக்கு ஏறிவிடும். தொலைக்காட்சியில் ஓடும் பழைய பாட்டுக்கு வீட்டு ஆர்மோனியத்தைச் சேர்த்துப் பார்த்துக் கட்டை ஒத்துவராமல் விட்டவர்களுக்கு இதுவே காரணமாக இருந்திருக்கலாம்.

நீளக் கணக்கு வரலாற்றையும் திறந்து காட்டும். தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' (1944) இரண்டு மணி நேரம்கூட ஓடாது. அதற்கு முந்தைய பத்தாண்டின் படங்கள் சர்வசாதாரணமாக மூன்று மணி நேரம் ஓடியவை. பார்ப்பவருக்கு இது வெட்டுப்பட்ட பிரதி என்றே தோன்றும். உண்மையில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கச்சாப் பிலிம் தட்டுப்பாட்டால், ஒரு படம் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று அரசு உத்தரவிட்டிருந்தது. 11,000 அடி என்றால் 122 நிமிடம். 'ஹரிதாஸ்' அந்த வரம்புக்குள் எடுக்கப்பட்டு, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

சில நொடிகள் மட்டும் துள்ளி மறையும் இடங்களுக்குக் காரணம் வேறு. படம் பல ரீல்களாக வரும். ஒரு ரீல் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் சட்டகத்தின் மேல் வலது மூலையில் சிறு புள்ளி ஒன்று பளிச்சிடும். முதல் புள்ளியைக் கண்டதும் ஆபரேட்டர் இரண்டாவது புரொஜெக்டரை ஓடவிட வேண்டும், சில நொடிகளில் வரும் அடுத்த புள்ளிக்கு ஒளியை மாற்ற வேண்டும். ரீலின் தலையும் வாலும்தான் அதிகம் கைபடும் பகுதிகள், அதனால் அதிகம் கிழிபடுபவை. கிழிந்ததை வெட்டி ஒட்டுவார்கள், ஒவ்வொரு ஒட்டுக்கும் சில சட்டகங்கள் போகும். வசனம் பாதியில் அறுபடும் இடத்துக்குச் சற்று முன் அந்தப் புள்ளி தெரிந்ததா என்று பாருங்கள். தெரிந்தால் பிழை படத்தொகுப்பாளருடையது இல்லை.

நிறம்

தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956). அதன் பிறகும் கறுப்பு வெள்ளைப் படங்கள் பல ஆண்டுகள் வந்துகொண்டிருந்தன. வண்ணச் சுருளின் செலவே அதற்குப் பெரிய காரணம். 'நாடோடி மன்னன்' (1958) கறுப்பு வெள்ளையில் தொடங்கிப் பிற்பகுதியில் வண்ணமாகும். புதிதாகப் பார்ப்பவர் பிரதிகளைக் கலந்து ஒட்டிவிட்டார்கள் என்று நினைப்பார். எடுத்ததே அப்படித்தான்.

1960களின் வண்ணப்படங்கள் செம்மண் நிறத்தில் தெரிவது ஈஸ்ட்மென் கலர் பிரிண்டுகளின் தலைவிதி. சுருளில் மூன்று சாய அடுக்குகள் உண்டு. அவற்றில் நீலப்பச்சை அடுக்கு சீக்கிரம் வெளிறிவிடும், எஞ்சியிருப்பது சிவப்புச் சாயல். வானமும் மரமும் புடவையும் ஒரே நிறமாகிவிடும். கறுப்பு வெள்ளையில் படம் வெள்ளியால் உருவாவதால் இந்த நோய் அதற்கு இல்லை. அறுபதுகளின் வண்ணப்படத்தைவிட ஐம்பதுகளின் கறுப்பு வெள்ளைப் படம் சில நேரம் பளிச்சென்று தெரிவது இதனால்தான்.

கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கணினியில் வண்ணம் பூசும் வேலையும் நடந்திருக்கிறது. இந்தி 'முகல்-ஏ-ஆசம்' 2004இலும் தெலுங்கு 'மாயாபஜார்' 2010இலும் அப்படி வெளியாயின. ஒளிப்பதிவாளர் நிழலை நம்பி அமைத்த காட்சிக்கு, அவர் கேட்காத நிறத்தைப் பூசுவது மெருகேற்றல் ஆகாது. முதல்முறை பார்ப்பவர் மூல வடிவத்தையே தேடுவது நல்லது.

கருவடிக்குப்பத்தில் இருக்கும் விடை

பிரதி சரியானது என்று உறுதிசெய்த பிறகும் உறுத்துபவை படத்தின் இயல்புகள். நேராக நம்மைப் பார்த்துப் பேசுவது, அடுக்கடுக்கான வசனம், ஏராளமான பாடல், கதையோடு ஒட்டாத நகைச்சுவை.

புதுச்சேரி அரசு ஆண்டுதோறும் நடத்தும் திரைப்பட விழாவில் சிறந்த படத்துக்கான விருது சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் தரப்படுகிறது. சினிமா விருதுக்கு நாடகக்காரர் பெயர் எதற்கு என்று விழாவுக்குப் போகிறவர்களிலேயே சிலருக்குத் தெரியாது. 1867இல் தூத்துக்குடிப் பக்கத்தில் பிறந்த சுவாமிகள், 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' போன்ற நாடகங்களை எழுதியவர். 1918இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை அமைத்தார். நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் பயின்றது அங்கேதான். 1922 நவம்பரில் புதுச்சேரியில் காலமானார். அவருடைய நினைவிடம் கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. நாடகக் கலைஞர்கள் அங்கே போய் மாலையிட்டு வருகிறார்கள்.

அவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் கழித்துத்தான் தமிழ்ப்படம் பேசத் தொடங்கியது. பேசத் தெரிந்தவர்கள், பாடத் தெரிந்தவர்கள், பாடம் செய்த கதைகள் எல்லாம் தயாராக இருந்த இடம் நாடக மேடை. பாகவதர் அறிமுகமான 'பவளக்கொடி' (1934) சுவாமிகளின் நாடகக் கதைதான். ஐம்பது பாடல்கள் வரை அதில் இருந்தன. எம்.ஜி.ஆர்., சிவாஜி இருவருமே சிறுவயதில் பாய்ஸ் கம்பெனிகளில், அதாவது சிறுவர்கள் நடிக்கும் நாடகக் குழுக்களில், வளர்ந்தவர்கள். உறுத்தும் இயல்புகளை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கலாம்.

1. பாடல். சுவாமிகளின் நாடகத்தில் தர்க்கமே பாட்டில் நடக்கும். வள்ளியும் வேலனும் வாதிடுவது பாட்டால்தான். அங்கே பாட்டு கதையை நிறுத்துவதில்லை, நகர்த்துகிறது. முப்பதுகளின் படங்களில் ஒலியைப் படப்பிடிப்போடு சேர்த்தே பதிந்தார்கள், நடிகர்களே பாடினார்கள், வாத்தியக்காரர்கள் கேமராவின் கண்ணில் படாமல் அருகே அமர்ந்து வாசித்தார்கள். பின்னணிப் பாடல் தமிழில் 'நந்தகுமார்' (1938) படத்தோடு வந்தது என்பார்கள். அதற்குப் பிறகுதான் குரல் வேறு முகம் வேறு ஆனது.

2. குரல். ஒலிபெருக்கி இல்லாத மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய தொண்டை, மைக்கின் முன்பும் அப்படியே பேசியது. படம் ஓடிய கீற்றுக் கொட்டகைகளின் ஒலியமைப்புக்கும் அந்தத் திருத்தமான, உரத்த உச்சரிப்பு தேவைப்பட்டது. காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு கைபேசியில் கேட்பவருக்கு அது கத்தலாகத்தான் கேட்கும்.

3. நிற்கும் இடம். மேடையில் நடிகர் சபையைப் பார்த்து நிற்பார். தொடக்ககாலக் கேமரா சபையின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டது. மைக் எட்டும் இடத்தை விட்டு நடிகர் நகரவும் முடியாது. மைக் நகரக் கற்றுக்கொண்ட பிறகும் பழக்கம் நெடுநாள் நீடித்தது.

4. நகைச்சுவை. ராஜா ராணிக் கதையின் நடுவே பபூன் வந்து ஊர் நடப்பைப் பேசுவது மேடை மரபு. என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் அதைத் திரைக்குக் கொண்டுவந்து வளர்த்தார்கள். கதையிலிருந்து பிரித்து எடுக்கக்கூடியது என்பதால் பின்னாளில் வெட்டுபவர்களின் கத்தரிக்கும் முதலில் அகப்பட்டது இதுதான். போனால் போகட்டும் என்று விடக்கூடியதில்லை. சமூகக் கிண்டலின் காரம் பெரும்பாலும் அங்கேதான் இருந்தது.

பராசக்தியும் புதுச்சேரியின் இரண்டு கவிஞர்களும்

இவ்வளவு தெரிந்த பிறகு 'பராசக்தி' வேறு மாதிரித் தெரியும். பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்தைத் தழுவிய படம். கருணாநிதியின் வசனம், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம், சிவாஜியின் முதல் திரை வேடம். நீதிமன்றக் காட்சியில் கதாநாயகன் குணசேகரன் பேசுவது எதிரே இருக்கும் நீதிபதியிடம் மட்டும் என்று எடுத்துக்கொண்டால் அது மிகை. கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் ஊரிடம் என்று எடுத்துக்கொண்டால் பொருந்திவிடும். அந்த வசனம் மக்கள் மனப்பாடம் செய்வதற்கென்றே எழுதப்பட்டது போல் இருக்கும். செய்யவும் செய்தார்கள்.

கதை ஏன் ரங்கூனில் தொடங்குகிறது என்பதும் இன்றைய பார்வையாளருக்குப் புரிவதில்லை. வட்டிக்கடை, வணிகம், கூலிவேலை என்று பர்மாவுக்குப் போன தமிழர்கள் ஏராளம். 1941 டிசம்பரில் ஜப்பான் ரங்கூனில் குண்டு வீசியதும் கப்பல் கிடைக்காதவர்கள் காடு மலை தாண்டி நடந்தே திரும்பினார்கள். வழியில் இறந்தவர்கள் பலர். 1952இல் படம் பார்த்தவர்களுக்கு அது பத்தாண்டு பழைய செய்தி, பலர் வீட்டுத் துயரம். அகதியாக வந்த ஒருவன் சொந்த ஊரில் ஏமாறுகிறான் என்பதை அவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

படத்தின் தொடக்கத்தில் வரும் 'வாழ்க வாழ்கவே' பாரதிதாசன் எழுதியது. நடுவே வரும் 'நெஞ்சு பொறுக்குதில்லையே' பாரதியார் பாட்டு. ஒருவர் புதுச்சேரியில் பிறந்தவர், மற்றவர் பிரிட்டிஷ் போலீசிடமிருந்து தப்பி 1908 முதல் பத்தாண்டுகள் இங்கே வாழ்ந்தவர். படம் வெளியானபோது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது, இந்தியாவோடு இணைய இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். கையிலிருக்கும் பிரதி சரிதானா என்று பார்க்க அவர் பாட்டையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் அந்தப் பாட்டும் நடனமும் இல்லாவிட்டால், வேறு பிரதியைத் தேடுங்கள்.

'4கே' முத்திரை சொல்லாதது

மறுவெளியீட்டுச் சுவரொட்டியில் '4கே' என்று இருந்தால் கோப்பின் அகலம் ஏறக்குறைய 4,000 புள்ளிகள் என்று மட்டுமே பொருள். நெகட்டிவிலிருந்து எடுத்தார்களா, தேய்ந்த பிரிண்டிலிருந்தா, பழைய நாடாவைக் கணினியில் பெரிதாக்கினார்களா என்பதை அந்த முத்திரை சொல்லாது. முகத்தைப் பாருங்கள். படச்சுருளின் மணிமணியான துகள்கள் லேசாகத் தெரிந்தால் நல்ல அறிகுறி. தோல் மெழுகுப் பொம்மை போல வழவழப்பாக இருந்தால் துகளைத் துடைக்கும் ஆர்வத்தில் முகபாவத்தையும் துடைத்திருக்கிறார்கள். ஒலியிலும் இதே கதைதான். ஒரே ஒலித்தடத்தில் இருந்ததைப் பல திசைகளுக்குப் பிரிக்க, புதிய வாள் சத்தமும் இடிமுழக்கமும் சேர்ப்பது உண்டு. வசனம் அமுங்கி வாள் மட்டும் கேட்டால் அது பழைய கலைஞர்களின் ரசனை இல்லை.

எதிலிருந்து தொடங்குவது

'ஹரிதாஸ்' மகத்தான படம்தான், ஆனால் முதல் படமாகப் பார்க்க ஏற்றதில்லை. கர்நாடக இசைக்குக் காது பழகாதவர் அரை மணி நேரத்தில் எழுந்துவிடுவார். 'அந்த நாள்' (1954) முதலில் பார்க்கலாம். எஸ். பாலசந்தர் இயக்கியது, பாடல் ஒன்றுகூட இல்லாத முதல் தமிழ்ப்படம். ஜப்பான் குண்டு வீசிய காலத்துச் சென்னையில், சிவாஜி ஏற்ற பாத்திரம் படத்தின் தொடக்கத்திலேயே கொல்லப்பட, அவரை அறிந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்வதை வைத்துத் துப்பறிவாளர் உண்மையைத் தேடுகிறார். கதையின் முடிவை யாரிடமும் கேட்காமல் பார்க்க வேண்டிய படம். அடுத்து 'பராசக்தி'. இரண்டு ஆண்டு இடைவெளியில் அதே நடிகர், ஒன்றில் ஊரைப் பார்த்துப் பேசுகிறார், மற்றதில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிறார். அதன் பிறகு, முழு அகலம் கிடைக்கும் திரையரங்கில் 'ராஜராஜ சோழன்'. 'ஹரிதாஸ்' நான்காவதாக இருக்கட்டும்.